எக்ஸ் பிறப்பதற்கு முன்



'தெரியாத எண்ணை எக்ஸ் என்க' என்று எழுதாமல் நம்மில் யாரும் கல்லூரி வாசலை மிதித்திருக்க முடியாது. ஆனால் இந்த எக்ஸுக்கு அப்படியொன்றும் வயதாகிவிடவில்லை. பிரெஞ்சுக்காரர் டெகார்ட் 1637-ல் வெளியிட்ட வடிவியல் நூலுக்குப் பிறகுதான் அது வேரூன்றியது. அல்ஜீப்ரா என்ற பெயருக்கே காரணமான பாக்தாத் அறிஞர் அல்-குவாரிஸ்மி, 9-ஆம் நூற்றாண்டில் முழுக்க முழுக்க வாக்கியங்களாலேயே கணக்குப் போட்டவர்.

அவருக்கும் வெகு காலம் முன்னால், கி.மு. 1550 வாக்கில், எகிப்தில் ஆமெஸ் என்ற எழுத்தர் ஒரு பாப்பிரஸ் சுருளில் 80-க்கும் மேற்பட்ட கணக்குகளை எழுதி வைத்தார். பழைய சுவடியைப் பார்த்து எழுதியது என்று அவரே சொல்லிவிடுகிறார். ரெக்கார்டு நோட்டில் அப்படி எழுதிய ஹாஸ்டல்வாசி யாரையும் நான் பார்த்ததில்லை! 1858-ல் ரிண்ட் என்பவர் லக்ஸரில் வாங்கிய அந்தச் சுருள் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

அதில் 24-ஆவது கணக்கு இது: ஒரு குவியல், அதோடு அதன் ஏழில் ஒரு பங்கு, மொத்தம் 19. குவியல் எவ்வளவு?

ஆமெஸ் 7 என்று வைத்துக்கொள்கிறார். ஏன் 7? ஏழில் ஒரு பங்கு முழுசாக வருமே, அதற்குத்தான். 7-ம் 1-ம் 8. வேண்டியதோ 19. 8-ஐ 2 3/8 மடங்காக்கினால் 19 வரும். அப்படியானால் 7-ஐயும் அதே மடங்காக்கு. விடை 16 5/8. (அவர் எழுதியது 16, 1/2, 1/8 என்று.) தப்பான விடையில் தொடங்கி, விகிதத்தைப் பிடித்துச் சரியான விடைக்கு வந்துவிட்டார். நம் நாட்டிலும் ஆரியபட்டர் 499-ல் திரைராசிகம் சொன்னார். 1150-ல் பாஸ்கரரின் லீலாவதி, இதே ஆமெஸ் வழிக்கு இஷ்டகர்மம் என்று பெயர் வைத்தது. இஷ்டப்பட்ட எண்ணை வைத்துத் தொடங்கு, அவ்வளவுதான்.

பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பலசரக்குக் கடைக்காரர் மகன் இப்படித்தான் போடுவான். விடை சரியாக இருக்கும், மார்க் பூஜ்யம். "எங்கேடா ஸ்டெப்? குருட்டாம்போக்கில போடுறதெல்லாம் கணக்கா?" என்பார் வாத்தியார். பத்தாவதில் கணக்கில் போனவன் மறுபடி எழுத வரவேயில்லை. குருட்டாம்போக்கு இல்லை ஐயா அது, மூவாயிரத்து ஐந்நூறு வருஷத்துப் பாடம். 'இது ஏன் சரியாக வருது, எப்ப வராது?' என்று கேட்டிருந்தால் அவன் அல்ஜீப்ராவுக்குள் வந்திருப்பான் என்றே நினைக்கிறேன்.

வராத இடமும் உண்டு. ஆட்டோவில் மினிமம் சார்ஜ் போல மாறாத தொகை ஒன்று சேர்ந்துவிட்டால், தூரம் இரட்டித்தாலும் வாடகை இரட்டிக்காது. அங்கே ஒரு ஊகம் போதாது, இரண்டு வேண்டும். கி.பி. 263-ல் லியூ ஹூய் உரை எழுதிய சீன நூலான 'ஒன்பது அத்தியாயங்க'ளில் 7-ஆவது அத்தியாயம் இதற்கென்றே இருக்கிறது. சிலர் சேர்ந்து ஒரு பொருள் வாங்குகிறார்கள். தலைக்கு 8 காசு போட்டால் 3 மிச்சம், 7 போட்டால் 4 குறைச்சல். தலைக்கு ஒரு காசு குறைந்ததில் மொத்தத்தில் 7 காசு குறைந்தது. ஆக, ஆட்கள் 7 பேர், விலை 53.

மின்துறையில் இருக்கும் நாங்கள் லோட் ஃப்ளோ கணக்கை எப்படித் தொடங்குகிறோம் தெரியுமா? வோல்டேஜ் தெரியாத பஸ்ஸுக்கெல்லாம் 1.0 பெர் யூனிட் என்று இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டுதான். பிறகு கம்ப்யூட்டர் பிழையைப் பார்த்துப் பார்த்துத் திருத்தும். நியூட்டன்-ராப்சன் முறையில் பெரும்பாலும் நாலைந்து சுற்றில் விடை வந்துவிடும். ஆமெஸுக்கு ஒரே சுற்று போதும். அவர் கணக்கு நேர்கோடு, எங்களுடையது வளைகோடு.