சின்ன மாத்திரை, பெரிய வரலாறு: ஆஸ்பிரினும் யூரிக் அமிலமும்

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரத்தில் எந்த மருந்தகத்துக்குப் போனாலும் ஆஸ்பிரின் கிடைக்கும். 1897-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் பெலிக்ஸ் ஹாப்மன் இதைத் தூய வடிவில் தயாரித்தார். முதலில் இது வலிக்கும் காய்ச்சலுக்கும்தான்.

1959-இல் நியூயார்க்கில் யூ, கட்மன் எனும் ஆய்வாளர்கள் இந்த மருந்தின் இரட்டைக் குணத்தை விளக்கினர். நாளுக்கு 5 கிராம் போன்ற பெரிய அளவு, யூரிக் அமிலத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். குறைந்த அளவோ அதை உடலிலேயே தேக்கும். ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்பது நம் பழமொழி. இங்கே கதை தலைகீழ்!

17,187 பேரைக் கொண்டு நடந்த ஐசிஸ்-2 ஆய்வின் முடிவு 1988-இல் வெளியானது. மாரடைப்பு வந்ததும் ஒரு மாதம் தினமும் ஆஸ்பிரின் எடுத்தவர்களிடையே இதய, இரத்தக்குழாய் மரணங்கள் 23 விழுக்காடு குறைந்தன. 1992-இல் கோலாலம்பூரில் தேசிய இருதயக் கழகம் தோன்றியபோது, ஆஸ்பிரின் இதய மருந்தாக நிலைபெற்றிருந்தது.

இன்று பலர் ஆண்டுக்கணக்கில் 100 மில்லிகிராம் சாப்பிடுகிறார்கள். சிலருக்கு யூரிக் அமிலம் கூடி, கால் பெருவிரல் வீங்கலாம். உடனே “மாத்திரையால்தான் வந்தது” என்று தாமாகவே நிறுத்திவிடுவது ஆபத்து. இரத்தம் உறைந்து மீண்டும் மாரடைப்பு வரலாம். மருத்துவரிடம் சொன்னால், ஆஸ்பிரினை நிறுத்தாமலே யூரிக் அமிலத்துக்குத் தனி மருந்து தர முடியும்.

மாணவர்களே, காரண-விளைவுக் கட்டுரைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. வீட்டில் தாத்தா பாட்டியிடமும் சொல்லுங்கள்.