அனுமதியின் மேல் போட்ட பாதை

அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கிறது மேயோ மாவட்டம். அங்கே வெஸ்ட்போர்ட் ஊரிலிருந்து ஆக்கில் தீவின் வாசல் வரைக்கும் 42 கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் பாதை போகிறது. பெயர் கிரேட் வெஸ்டர்ன் கிரீன்வே. காருக்கும் லாரிக்கும் அதில் வேலையில்லை. ஆக்கிலை நோக்கிப் போனால் இடப்பக்கம் குளூ விரிகுடாவும் அதில் சிதறிக் கிடக்கும் குட்டித் தீவுகளும், வலப்பக்கம் சதுப்பும் மலையும். விரிகுடாவின் அக்கரையில் 764 மீட்டர் உயரத்துக்குக் கூம்பாக எழுந்து நிற்கிறது குரோ பாட்ரிக் மலை. பழகாத கால்களும் பெரிதாக மூச்சு வாங்காமல் ஓட்டிவிடலாம். மலையும் கடலும் நெருக்கிப் பிடிக்கும் நிலத்தில் ஒரு பாதை இவ்வளவு சமமாக ஓடக் காரணம், அதை முதலில் ரயிலுக்காகப் போட்டார்கள் என்பதுதான். ரயில் எஞ்சினுக்கு ஏற்றம் ஆகாது. அதனால் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, ஓடையின் மேல் பாலம் கட்டித் தடத்தைச் சமன் செய்தார்கள். அந்த உழைப்பின் பலனைத்தான் இன்று சைக்கிள்காரர் அனுபவிக்கிறார்.

வெஸ்ட்போர்ட்டுக்கு மேற்கே ரயில் போட்டு லாபம் பார்க்க முடியும் என்று எந்தக் கம்பெனியும் நம்பவில்லை. கல்லும் சதுப்புமான பூமி, உருளைக்கிழங்கை நம்பிய வயிறு, ஆண்டுதோறும் ஸ்காட்லாந்துக்குக் கூலி வேலைக்குக் கிளம்பும் இளைஞர்கள் என்றிருந்தது அந்தப் பக்கம். அயர்லாந்தின் நிர்வாகம் அப்போது ஆர்தர் பால்ஃபர் என்ற பிரிட்டிஷ் அரசியல்வாதியின் கையில் இருந்தது. பின்னாளில் பிரிட்டனின் பிரதமரானவர். அவர் காலத்தில் 1889-இல் சிறு ரயில்பாதைகளுக்கான சட்டம் வந்தது. அரசாங்கம் செலவைத் தாங்கும், கம்பெனி ரயிலை ஓட்டும் என்பது ஏற்பாடு. 1890-இல் உருளைக்கிழங்கு விளைச்சல் பொய்த்தபோது, இந்த ரயில் வேலைகளே பஞ்ச நிவாரணமும் ஆயின. சென்னையில் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை 1870-களின் தாது வருஷப் பஞ்சத்தில் வெட்டினார்களே, அதே சாம்ராஜ்யத்தின் அதே உபாயம்தான் இது: பசித்தவனுக்குச் சும்மா கொடுக்காதே, மண்வெட்டியைக் கொடு.

மிட்லண்ட் கிரேட் வெஸ்டர்ன் என்ற ரயில் கம்பெனி வெஸ்ட்போர்ட்டோடு நின்றிருந்த தன் பாதையை நீட்டியது. 1894-இல் நியூபோர்ட், முல்ரானி ஊர்களுக்கும், 1895-இல் ஆக்கில் தீவுக்கு எதிர்க்கரைக்கும் ரயில் வந்து சேர்ந்தது. நியூபோர்ட்டில் ஆற்றின் மேல் ஏழு வளைவுகளோடு கட்டிய செங்கல் நிறக் கற்பாலம் இன்றும் நிற்கிறது. முல்ரானியில் கடலைப் பார்த்தபடி கம்பெனி ஒரு பெரிய ஹோட்டலும் கட்டியது. டிக்கெட் வாங்கி வருகிறவர்களுக்குத் தங்க ஓர் இடமும் வேண்டுமல்லவா?

இந்தப் பாதையைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு பழைய கதை சொல்வார்கள். 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் பிரையன் ருவா என்ற குறிசொல்லி, இரும்புச் சக்கரத்தில் புகையும் நெருப்பும் கக்கிக்கொண்டு வண்டிகள் வரும், முதல் பயணத்திலும் கடைசிப் பயணத்திலும் அவை பிணங்களைச் சுமக்கும் என்று சொல்லிவைத்தாராம். குறி எப்போது, எப்படிச் சொல்லப்பட்டதோ, நடந்தவை இரண்டும் பதிவில் இருக்கின்றன. 1894 ஜூன் 14 அன்று, ஸ்காட்லாந்துக்கு உருளைக்கிழங்கு தோண்டும் வேலைக்குப் போகக் கப்பலேற வந்த ஆக்கில் இளைஞர்களின் பாய்மரப் படகு, வெஸ்ட்போர்ட் துறைக்குப் பக்கத்தில் கவிழ்ந்தது. 32 பேர் மூழ்கிப் போனார்கள். ஆக்கில் வரைக்கும் பாதை இன்னும் திறக்கப்படவில்லை; ஆனாலும் உடல்களைச் சுமந்துகொண்டு ஒரு ரயில் போயிற்று. 1937 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் கெர்கின்டில்லோக் ஊரில் கூலிகள் தங்கியிருந்த கொட்டகை தீப்பிடித்ததில், ஆக்கிலைச் சேர்ந்த 10 பேர் இறந்தார்கள். அவர்களின் உடல்களும் இதே பாதையில்தான் ஊருக்கு வந்தன. அந்த மாதக் கடைசியில் பாதை மூடப்பட்டது.

மூடியதற்குக் குறி காரணமல்ல, கணக்கு. பஸ்ஸும் லாரியும் வந்தபின் ரயிலுக்குக் கூட்டம் சேரவில்லை. தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். நிலம் துண்டு துண்டாக அக்கம்பக்கத்து விவசாயிகள் கைக்குப் போயிற்று. ஒருவர் வேலி போட்டார், ஒருவர் மாடு மேய்த்தார், ஒருவர் கொட்டகை கட்டினார். எழுபது வருஷத்தில் பல இடங்களில் ரயில் போன மேடு முட்புதருக்குள் ஒளிந்துகொண்டது.

இதற்கிடையில் பழைய ரயில் தடத்தில் சைக்கிள் ஓட்டலாம் என்ற யோசனை வேறு இடத்தில் பிறந்துவிட்டது. பிரிட்டனில் 1963-இல் வெளிவந்த பீச்சிங் அறிக்கையைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ரயில்பாதை மூடப்பட்டது. 1977-இல் பிரிஸ்டல் நகரத்தில் சைக்கிள் ஆர்வலர்கள் சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். ஜான் கிரிம்ஷா என்ற பொறியாளர் அதில் முன்னின்றார். பிரிஸ்டலுக்கும் பாத் நகரத்துக்கும் இடையே மூடிக் கிடந்த தடத்தில் தன்னார்வலர்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். 1979-இல் தொடங்கிய வேலை 1986-இல் முடிந்தது. அந்தக் குழுவே பின்னர் சஸ்ட்ரான்ஸ் என்ற அமைப்பாக வளர்ந்து, நாடு முழுக்கச் சைக்கிள் பாதை வலையை விரித்தது. பழைய ரயில்பாதைக்கும் சைக்கிளுக்கும் இருக்கும் பொருத்தத்தை உலகம் அங்கே கண்ணால் பார்த்தது.

மேயோவில் அந்தப் பொருத்தம் இருந்தது, நிலம்தான் இல்லை. பழைய தடம் ஏறத்தாழ 160 பேருடைய சொத்துக்குள் ஓடியது. ஒரே ஒருவர் கதவைச் சாத்தினாலும் பாதை அறுந்துவிடும். கட்டாயமாகக் கையகப்படுத்தலாம், சட்டத்தில் வழியுண்டு. ஆனால் நிலப்பிரபுக்களிடம் தலைமுறை தலைமுறையாகப் போராடி நிலத்தை வாங்கிய குடியானவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். நிலச் சீர்திருத்தப் போராட்டத்தின் பெருந்தலைவர் மைக்கேல் டேவிட் பிறந்த மாவட்டம் மேயோ. ஆக்கிலுக்குப் போகும் பாலத்துக்கே அவர் பெயர்தான். அங்கே போய் அரசாங்கம் நிலத்தைப் பிடுங்கினால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பாதையைப் போட்ட மேயோ மாவட்டக் கவுன்சில் எடுத்த வழி எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டிய வழி. நிலத்தை விற்க வேண்டாம். போக விட்டால் போதும் என்று கேட்டார்கள். உரிமை விவசாயியிடமே இருக்கும். பொதுவழி என்ற உரிமையை யாரும் கோர முடியாது. சைக்கிளில் வருகிறவர் விழுந்து கையை முறித்துக்கொண்டு வழக்குப் போட்டால், அந்தப் பொறுப்பைக் கவுன்சில் ஏற்கும். வேலியும் கேட்டும் கவுன்சில் போட்டுத் தரும். மாடு வெளியே போகாது, மந்தை கடக்க வழி இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் போய், சமையலறை மேசையில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே பேசி முடிக்கிற வேலை இது. பழைய தடத்தில் போக முடியாத இடங்களில் பாதை கொஞ்சம் விலகிப் போகிறது. சில இடங்களில் நெடுஞ்சாலையை ஒட்டியும் ஓடுகிறது. வரைபடத்தில் நேர்கோடாகத் தெரியாத அந்த வளைவுகளில் சில, ஊர்க்காரர்களோடு நடந்த பேச்சுவார்த்தையின் தடயங்கள்.

நேரமும் கைகொடுத்தது. 2008-இல் அயர்லாந்தின் கட்டுமானக் குமிழி வெடித்து, பொருளாதாரம் சரிந்தது. பெரிய செலவுக்குக் கையில் காசில்லை. கிராமங்களுக்கோ வருமானம் வேண்டும். 2009-இல் அரசாங்கம் நாட்டின் முதல் சைக்கிள் கொள்கையை வெளியிட்டது. மலிவாக, உடனே செய்து காட்டக்கூடிய ஒரு வேலை தயாராக இருந்தது. 2010-இல் நியூபோர்ட்டுக்கும் முல்ரானிக்கும் இடையே 18 கிலோமீட்டர் திறந்தார்கள். மிச்சப் பகுதி 2011 ஜூலையில் திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் மேயோக்காரரான பிரதமர் என்டா கென்னி. அதே ஆண்டு, கைவிடப்பட்ட இடங்களை மீட்டெடுத்ததற்காக முல்ரானிக்கும் இந்தப் பாதைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுற்றுலா விருதும் கிடைத்தது. சைக்கிள் வாடகைக் கடைகள் முளைத்தன. ஒரு முனையில் சைக்கிளை எடுத்து, மறு முனையில் விட்டுவிட்டு வேனில் திரும்பலாம். ரயில் கம்பெனி கட்டி, பின்னாளில் மூடிக் கிடந்து மறுபடி திறக்கப்பட்ட முல்ரானி ஹோட்டல், தனக்கு முன்னால் போகும் பாதைக்கு மறுபடியும் விருந்தினர்களை அனுப்பத் தொடங்கியது.

வெற்றியைப் பார்த்தவர்கள் தாரையும் கணக்கையும் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். கேட்கும் முறையைக் கற்க நாளாயிற்று. டப்ளினிலிருந்து கால்வே வரை நாட்டின் குறுக்கே ஒரு பாதை போடத் திட்டமிட்டபோது, கிழக்குக் கால்வே விவசாயிகள் எழுந்து நின்றார்கள். பண்ணையின் ஓரமாகப் போகாமல் நடுவே வெட்டிக்கொண்டு போகிறதே, கட்டாயக் கையகப்படுத்தலைக் காட்டி மிரட்டுகிறீர்களே என்பது அவர்கள் குறை. 2015-இல் அந்தப் பகுதி வேலையை அமைச்சர் நிறுத்திவைத்தார். 2021-இல்தான், நிலக்காரரோடு எப்படிப் பேசுவது, வழியை எப்படித் தேர்வது, முன்வந்து உடன்படுகிறவருக்கு என்ன தொகை தருவது என்பதையெல்லாம் வகுத்து ஒரு நடைமுறைக் கையேடு வந்தது.

மேயோ வழிக்கும் ஒரு பலவீனம் உண்டு. கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறவும் முடியும். நிலம் கைமாறினால் புதிய சொந்தக்காரரிடம் மறுபடி போய்ப் பேச வேண்டும். பல கோடி செலவழித்துப் போடும் பாதையை ஒரு வார்த்தையின் மேல் நிறுத்த அரசாங்கங்கள் தயங்குவது நியாயம்தான். அதனால் இப்போது நிலத்தை வாங்குவதே வழக்கமாகி வருகிறது. ஆனால் நாட்டுக்கு இந்த ஆசையை ஊட்டிய முதல் பாதை, ஒரு காணி நிலம்கூட யாரிடமும் பிடுங்காமல் வந்தது. ரயில் தடத்தைப் போட்டது சட்டமும் பணமும். அதை மறுபடி ஒட்டித் தந்தது 160 வீட்டாரின் சம்மதம். இனி நிலத்தை விலைக்கே வாங்கினாலும், அந்தச் சம்மதத்தைக் கேட்கும் வேலை முதலில் நடந்தாக வேண்டும்.