வசந்த காலத் தும்மல்: ஒரு மருத்துவ வரலாறும் நமது கடமையும்

 

மாசி, பங்குனி மாதங்களில் நமது குலசேகரன்பட்டினத்தில் சுப்ஹுத் தொழுகைக்கு அணிவகுத்து நிற்கும்போது, சஃபுகளிலிருந்து தும்மல் ஒலி எழாத நாள் அரிது. ஒருவர் பத்து முறை, பதினைந்து முறை தொடர்ந்து தும்முகிறார். கண்கள் சிவந்து நீர் வடிகிறது. மூக்கும் மேல் அண்ணமும் அரிக்கின்றன. வீட்டாரிடம் கேட்டால் "பனி ஒத்துக்கொள்ளவில்லை", "தண்ணீர் மாறிவிட்டது" என்று கூறிவிடுகின்றனர். ஆனால் ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே நாட்களில் வந்து, வாரக்கணக்கில் தங்கி, பின்னர் தானே நீங்கும் இத்தொல்லை வெறும் சளி அன்று. பூக்களின் மகரந்தத்தால் உண்டாகும் ஒவ்வாமை நோயாக அது இருக்கக்கூடும். அதற்கென நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் முதல் ஏட்டில் எழுதப்பட்டிருப்பவை இரண்டு முஸ்லிம் அறிஞர்களின் பெயர்கள்.

தும்மலும் ஜலதோஷமும்

ஒருவர் தும்மினால் அல்லாஹ்வைப் புகழ வேண்டும்; அதைக் கேட்டவர் அவருக்காக அல்லாஹ்வின் அருளை வேண்ட வேண்டும் என்பது நாமனைவரும் அறிந்த ஒழுக்கமாகும். ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்கள் அறிவித்து, ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சி இவ்விடத்தில் சிந்திக்கத்தக்கது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சபையில் ஒருவர் தும்மினார். அவருக்காக நபியவர்கள் துஆச் செய்தார்கள். அவர் மீண்டும் தும்மியபோது, அம்மனிதருக்கு ஜலதோஷம் பிடித்துள்ளது என்று தெரிவித்தார்கள். அதாவது, இயல்பாக வரும் தும்மல் வேறு, நோயினால் தொடர்ந்து வரும் தும்மல் வேறு என்பது அச்சபையிலேயே உணர்த்தப்பட்டது. அவ்விடத்தில் ஆளப்பட்ட சொல் 'ஸுகாம்' என்னும் வேரிலிருந்து பிறந்தது. அச்சொல்லை நினைவில் கொள்ளுங்கள். முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு மருத்துவ நூலின் தலைப்பில் அதே சொல்லை நாம் காணவிருக்கிறோம்.

புறப்படும் வேளையில் எவரேனும் தும்மினால் காரியம் கெடும் என்று நின்றுவிடும் வழக்கம் இன்றும் நம்மவர் சிலரிடம் காணப்படுகிறது. மார்க்கத்தில் தும்மல் சகுனம் அன்று. அது அல்லாஹ்வைப் புகழும் வேளை. தொடர்ந்து வருமாயின் சிகிச்சை தேட வேண்டிய அறிகுறி.

பல்கு நகரத்து அறிஞரும் ரய் நகரத்து மருத்துவரும்

இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்கு வட்டாரத்தில் ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டில் பிறந்தவர் அபூ ஸைத் அல்பல்கி. புவியியல் அறிஞராகப் புகழ்பெற்ற அவர், உடலின் நலனையும் உள்ளத்தின் நலனையும் ஒருங்கே பேசும் 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலையும் இயற்றியவர். பிறருடைய நலனுக்காக நூல் எழுதிய அப்பெரியாருக்கே ஒரு தொல்லை இருந்தது. வசந்த காலத்தில் ரோஜா மலர்ந்தால் போதும், அதை முகர்ந்தவுடன் அவருக்கு ஜலதோஷம் கண்டுவிடும்.

இதனை ஆராய்ந்தவர் அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸீ. இன்றைய டெஹ்ரானை அடுத்த ரய் நகரில் கி.பி. 865 அளவில் பிறந்து, ரய்யிலும் பக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராகப் பணியாற்றி, கி.பி. 925 அளவில் மறைந்தவர். அவருடைய தத்துவக் கருத்துகள் சிலவற்றை உலமாக்கள் வன்மையாக மறுத்துள்ளனர். ஆயினும் மருத்துவத்தில் அவர் பெற்றிருந்த உயர்வை மறுத்தவர்களும் ஏற்றே பேசினர். பெரியம்மையையும் தட்டம்மையையும் தனித்தனி நோய்களாகப் பிரித்துக் காட்டி அவர் எழுதிய நூல் பல நூற்றாண்டுகள் கழித்து ஐரோப்பாவிலும் அச்சேறியது.

ஒன்றுபோல் தோன்றும் இரு நோய்களைப் பிரித்தறியும் அதே கூரிய பார்வையை அவர் தும்மலின் மீதும் செலுத்தினார். 'வசந்த காலத்தில் ரோஜாவை முகரும்போது அபூ ஸைத் அல்பல்கிக்கு ஸுகாம் உண்டாவதன் காரணம்' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு ரிஸாலாவை எழுதினார். பருவகால ஒவ்வாமையைப் பற்றி இன்று கிடைக்கும் மிகத் தொன்மையான மருத்துவ எழுத்துகளில் ஒன்றாக வரலாற்றாசிரியர்கள் இதனைக் கருதுகின்றனர்.

அக்காலத்து மருத்துவக் கொள்கைகளைக் கொண்டே ராஸீ இதற்கு விளக்கம் கூறினார். அவ்விளக்கத்தை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி இன்றும் நிற்கிறது. என்ன நோய் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. எந்தக் காலத்தில் வருகிறது, எதன் அருகே வருகிறது என்று கேட்டார். இந்நோயை அறிவதற்கான வாயில் அக்கேள்வியே.

லண்டனில் ஒரு நோயாளி

அதன்பின் ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் கழிந்தன. 1819ஆம் ஆண்டு ஜான் போஸ்டாக் என்னும் மருத்துவர் லண்டன் மருத்துவக் கழகத்தில் ஒரு கட்டுரை படித்தார். சிறு வயதிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் கண் அரிப்பு, தும்மல், மூச்சுத் திணறல் ஆகியவற்றால் துன்புறும் ஒரு நோயாளியை அதில் வர்ணித்தார். அந்நோயாளி அவரே! தம்மைப் போன்ற பிறரைத் தேடித் தேடி, 1828இல் 28 பேரின் விவரங்களை வெளியிட்டார். புல் அறுத்து உலர்த்தும் பருவத்தில் வந்ததால் மக்கள் இதனை 'ஹே ஃபீவர்', அதாவது வைக்கோல் காய்ச்சல் என்றனர். உண்மையில் அதற்கு வைக்கோலும் காரணமன்று, காய்ச்சலும் அறிகுறியன்று.

கடற்கரையில் வாழும் நமக்கு போஸ்டாக்கின் வாழ்வில் ஒரு பாடம் உண்டு. ராம்ஸ்கேட் என்னும் கடலோர ஊரில் அவர் கோடையைக் கழித்தபோது நோய் தணிந்தது. வெயிலின் கடுமை குறைந்ததே காரணம் என்று அவர் எண்ணினார். உண்மைக் காரணத்தை 1873இல் மான்செஸ்டர் நகர மருத்துவர் சார்லஸ் பிளாக்லி நிறுவினார். பசை தடவிய கண்ணாடித் தகடுகளைப் பட்டத்தில் கட்டி வானில் ஏற்றி, காற்றில் மிதக்கும் மகரந்தத் துகள்களைப் பிடித்து எண்ணினார். தம் தோலைக் கீறி மகரந்தத்தை வைத்துத் தடிப்பு உண்டாவதையும் காட்டினார். கடலிலிருந்து வீசும் காற்றில் மகரந்தம் குறைவு. போஸ்டாக்கின் கடலோர ஆறுதலுக்குப் பொருள் அதுவே.

1906இல் வியன்னாவின் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே 'அலர்ஜி' என்னும் சொல்லை உருவாக்கினார். 1911இல் லண்டனில் லியனார்டு நூன், புல்லின் மகரந்தச் சாற்றைச் சிறு அளவில் ஊசி வழியே செலுத்தி உடலைப் பழக்கும் சிகிச்சையை வெளியிட்டார். 1937இல் ஹிஸ்டமின் என்னும் பொருளைத் தடுக்கும் முதல் மருந்தை டேனியல் போவே கண்டறிந்தார். 1966இல் இஷிஸாகா தம்பதியர் இவ்வொவ்வாமைக்கு அடிப்படையான எதிர்ப்புப் புரதத்தை இனங்கண்டனர். உடலைக் காக்கும் காவலன், தீங்கற்ற பூந்தூளைப் பகைவன் என்று பிழையாக எண்ணிப் போர் தொடுக்கிறான். அப்போரில் வெளிப்படும் ஹிஸ்டமினே தும்மலையும் அரிப்பையும் உண்டாக்குகிறது. இதுவே நோயின் சுருக்கம்.

நமது கரையின் மரம்

சகோதரர்களே! பல்கில் ரோஜா, இங்கிலாந்தில் புல். நமது கரையில் எது? ஒரே விடை கூற இயலாது. ஒவ்வொருவருக்கும் பரிசோதித்தே அறிய வேண்டும். ஆயினும் முதலில் ஐயுறத்தக்க ஒன்று நம் கண் முன்னே நிற்கிறது. உடன்குடியிலிருந்து குதிரைமொழித் தேரி வரையிலும், குளக்கரையிலும், தரிசிலும், கபுருஸ்தான் ஓரங்களிலும் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலமே அது. வேலிக்காத்தான் என்றும் சீமை உடை என்றும் மக்கள் அதனை அழைக்கின்றனர்.

விடுதலைக்குப் பின் அரசு கொண்டுவந்த மரம் என்று பலரும் கூறுவதுண்டு. அதற்கும் முற்பட்டது அதன் வரலாறு. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட இதன் விதைகள் ஜமைக்காவிலிருந்து தருவிக்கப்பட்டு, 1877இல் அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் விதைக்கப்பட்டன. அதற்கு ஏற்பாடு செய்தவர் வன அதிகாரி பெட்டோம். வறண்ட நிலத்தில் விறகு கிடைக்கட்டும் என்பதே நோக்கம். மரம் அந்நோக்கத்தை நிறைவேற்றவே செய்தது. எத்தனையோ ஏழைக் குடும்பங்களின் அடுப்பு இதனால் எரிந்தது. கரிமூட்டம் போட்டுப் பிழைத்தவர்கள் பலர். நீதியாகப் பேசும்போது இதையும் கூறியே ஆக வேண்டும்.

இதன் மஞ்சள் நிறப் பூங்கதிர்களைத் தேனீக்கள் நாடி வருகின்றன. ஆயினும் மகரந்தம் காற்றிலும் பரவுகிறது. இந்தியாவின் வறண்ட பகுதிகளில் ஒவ்வாமையை உண்டாக்கும் முக்கிய மகரந்தங்களுள் ஒன்றாக இதனை மருத்துவ ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். குவைத், சவூதி அரேபியா, ஐக்கிய அமீரகம் ஆகிய நாடுகளிலும் இம்மரம் நடப்பட்டுப் பரவி, அங்கும் இதே தொல்லை பதிவாகியுள்ளது. ஊரில் தும்மியவர் வளைகுடாவுக்குப் பிழைக்கச் சென்ற பின்னும் தும்மினால் வியப்பில்லை. அவருக்கு முன்பே மரம் அங்கே சென்றுவிட்டது!

கடலிலிருந்து கொண்டல் வீசும்போது ஆறுதலாக இருப்பதும், ஆனி, ஆடியில் தேரி மணலை வாரிக்கொண்டு மேல்காற்று வீசும்போது தொல்லை மிகுவதும் தமக்கு உண்டு என்று எவரேனும் கண்டால், போஸ்டாக்கின் ராம்ஸ்கேட்டை நினைவுகூரட்டும். மேலும், இம்மரம் ஆண்டில் ஒரு முறைக்கு மேல் பூப்பதால் நம் நாட்டில் 'பருவம்' என்பது ஐரோப்பாவைப் போல் தெளிவான எல்லை உடையதன்று.

2017ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தூத்துக்குடி உள்ளிட்ட தென் மாவட்டங்களில் இம்மரங்களை அகற்ற உத்தரவிட்டது. அறிவியல் ஆய்வு வேண்டும் என்ற எதிர் வழக்கினால் அதே ஆண்டு அப்பணி சிறிது காலம் நிறுத்தி வைக்கப்பட்டது. அவ்விவாதங்களில் பெரிதும் பேசப்பட்டது நிலத்தடி நீர். தும்மும் குழந்தையைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு.

நாம் செய்ய வேண்டியவை

மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமத்து அரபியர் வினவியபோது, செய்துகொள்ளுங்கள் என்றே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். ஆகவே பொறுத்துக்கொண்டு கிடப்பது தவக்குல் ஆகாது.

முதலாவது, பிரித்தறிதல். சளியென்றால் உடல்வலியும் சில வேளை காய்ச்சலும் இருக்கும். பெரும்பாலும் பத்து நாட்களுக்குள் தீரும். ஒவ்வாமையென்றால் அரிப்பு மிகும், தெளிந்த நீர் வடியும், காய்ச்சல் இராது, வாரக்கணக்கில் நீடிக்கும். எந்த நாளில், எந்த இடத்தில், எக்காற்றில் தொல்லை வந்தது என்று ஒரு நாட்காட்டியில் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். ராஸீயின் கேள்விக்கு நீங்கள் தரும் விடை அதுவே. ஆண்டுதோறும் இதற்கு ஆன்டிபயாடிக் மருந்தை வாங்கி விழுங்குவதால் பயனில்லை.

இரண்டாவது, காத்தல். பூக்கும் நாட்களில் காற்று வீசும்போது சன்னல்களைச் சாத்துங்கள். துணிகளை வெளியே உலர்த்தாதீர்கள். வெளியிலிருந்து வந்ததும் முகம் கழுவுங்கள். உளூவில் மூக்கிற்கு நீர் செலுத்துவதை, நோன்பில்லாத வேளைகளில் நன்கு செய்யும்படி சுன்னத் நமக்குக் கற்பிக்கிறது. மருத்துவர் உப்பு நீரால் மூக்கை ஆழமாகக் கழுவச் சொன்னால், கொதிக்க வைத்து ஆறிய நீரையே பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, மருந்து. தும்மலுக்கான மாத்திரைகளில் பழைய வகை உறக்கத்தைத் தரும். அதை உண்டுவிட்டு வாகனம் ஓட்டுவதும் படகேறுவதும் ஆபத்து. மாசி, பங்குனியில் பொதுத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு உறக்கம் தராத மருந்தை மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள். மூக்கில் அடிக்கும் மருந்து ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளின்படி உள்ளே சென்றால் நோன்பை முறிக்கும். அத்தகைய மருந்துகள் பெரும்பாலும் நாளுக்கு ஒன்றிரண்டு வேளையே என்பதால், மருத்துவரின் ஆலோசனையுடன் ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றிக்கொள்ளலாம். நெஞ்சில் இழைப்போ மூச்சுத் திணறலோ தோன்றினால் ஆஸ்துமாவாக இருக்கக்கூடும். ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். பெண் பிள்ளைக்கு இழைப்பு என்று தெரிந்தால் வரன் அமையாது என்றஞ்சி மறைப்பவர்கள், அல்லாஹ் தந்த அமானிதமான அவ்வுயிரோடு விளையாடுகிறார்கள்.

நான்காவது, பள்ளிவாசலின் கடமை. பூண்டு, வெங்காயம் உண்டு அதன் வாடையோடு பள்ளிக்கு வருவதையே மார்க்கம் தடுத்தது. பிறர் துன்புறக் கூடாது என்பதே காரணம். அப்படியாயின் தூசி படிந்த விரிப்புகளும், மூச்சு முட்டும் அளவுக்கு எழும் சாம்பிராணிப் புகையும் நோயாளிக்குத் துன்பம் தரும்போது நாம் சிந்திக்க வேண்டாமா? விரிப்புகளை உதறி வெயிலில் காயவைப்போம். புகையைக் குறைப்போம். தும்மும்போது முகத்தைக் கையாலோ துணியாலோ மூடிக்கொள்வது நபிவழி. அதே வேளையில், தும்முபவரை ஏதோ தொற்றுநோயாளி போல் முறைத்துப் பார்ப்பதையும் கைவிடுவோம். ஒவ்வாமை ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

இறுதியாக, பாதையில் கிடந்த முட்கிளையை அகற்றியதற்காக ஒருவர் மன்னிக்கப்பட்டார் என்ற நபிமொழியை நாம் அறிவோம். கபுருஸ்தானையும் பள்ளி வளாகத்தையும் ஒட்டி மண்டியுள்ள வேலிக்காத்தானை வேரோடு களைந்து, அவ்விடத்தில் வேம்பும் புங்கையும் நடுவது மஹல்லாவின் கையில் உள்ள பணி. வெட்டியதோடு விட்டால் மீண்டும் தழைக்கும்.

நோய்களை அறியும் அறிவையும், நோயாளிகளுக்கு இரங்கும் உள்ளத்தையும், நமக்கும் நம் மக்களுக்கும் நிறைந்த ஆஃபியத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.