அமோர்த்திஸேர்: ஒரு சொல்லும் பழைய கார்களும்

'உமக்கும் காருக்கும் என்னய்யா சம்பந்தம்?' என்று நண்பர்கள் கேட்பார்கள். சம்பந்தம் ஒரு சொல்தான். தமிழிலும் நாம் ஷாக் அப்சார்பர் என்று சொல்லும் பொருளை நான் பிரெஞ்சு மூலம் படித்த காலத்தில் 'அமோர்த்திஸேர்' என்றுதான் அறிந்தேன். சாவைக் குறிக்கும் 'மோர்' என்ற சொல்லடியிலிருந்து வந்தது. தணிந்து அடங்கச் செய்வது என்று பொருள். கணக்குப் பிரிவில் நாங்கள் எழுதும் தேய்மானத்துக்கும் பிரெஞ்சில் அதே குடும்பத்துச் சொல்தான்.

ஆங்கிலப் பெயரைவிட இதுவே சரி. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அடியை வாங்குவது ஸ்பிரிங். வாங்கியபின் அது ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதே அமோர்த்திஸேரின் வேலை.

இதன் வரலாற்றில் பிரெஞ்சுக்காரர்கள் பங்கு பெரிது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் த்ருஃபோ என்பவர் உராய்வுத் தட்டுகளைக் கொண்டு ஒன்று செய்தார். ஹார்ட்ஃபோர்ட் என்ற அமெரிக்கர் அதை உலகெங்கும் பரப்பினார். 1924இல் வந்த புகாட்டி 35 பந்தயக் காரிலும் இந்த வகைதான். மொரிஸ் ஊதாய் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் தட்டுகளுக்குப் பதில் எண்ணெயைப் பயன்படுத்தினார். 1928 மாடல் ஃபோர்டு ஏ காரில் அவர் பெயர் கொண்ட அமோர்த்திஸேர்கள் இருந்தன. போருக்குப் பின் குழாய் வடிவம் பரவியது. வேகமாக ஓடும்போது குழாய்க்குள் எண்ணெய் நுரைத்து வலுவிழந்துவிடும். 1953இல் து கார்போன் என்ற பிரெஞ்சுக்காரர் ஒற்றைக் குழாய்க்குள் அழுத்தமான வாயுவை அடைத்து அந்த நுரையைத் தடுத்தார்.

மூன்றுக்கும் குணம் வேறு. உராய்வுத் தட்டு சிறு மேட்டுக்கும் பெரிய பள்ளத்துக்கும் ஏறக்குறைய ஒரே எதிர்ப்பைக் காட்டும். அதனால் சிறு கற்களில்கூட வண்டி முரட்டுத்தனமாக இருக்கும். எண்ணெயோ அசைவு வேகமாக வேகமாக அதிகமாக எதிர்க்கும். வாயு சேர்ந்தால் அந்த எதிர்ப்பு நெடுந்தூரம் நிலைத்து நிற்கும்.

அப்படியானால் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கெல்லாம் புதிய வகையை மாட்டிவிடலாமே? இங்கேதான் சிக்கல். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட எம்.ஜி.பி காரைப் பாருங்கள். அதில் முன்பக்கம் ஆம்ஸ்ட்ராங் நெம்புகோல் வகை. அந்த நெம்புகோலே சக்கரத்தைத் தாங்கும் மேல் கையும்கூட. அதைக் கழற்றிவிட்டால் சக்கரத்துக்குப் பிடிமானமே இல்லை. அந்த வேலைக்கு வேறு ஏற்பாடு செய்தாக வேண்டும். ஆக, அங்கே மாற்றுவது ஒரு உதிரி பாகத்தை மட்டும் அல்ல.

இன்னொன்று: கெட்டியானதே நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அளவுக்கு மீறிக் கெட்டியானால் சக்கரம் சாலையை ஒட்டாமல் துள்ளும். பழைய சட்டத்தின் போல்ட்டு ஓட்டைகள்தான் அடியை வாங்கும். ஸ்பிரிங்கின் பலம், வண்டியின் எடை, ஓடும் சாலை ஆகிய மூன்றையும் பார்க்காமல் வாங்கும் எந்த அமோர்த்திஸேரும் வீண் செலவு.

என் கருத்து இது. புதுப்பிக்க முடிகிற வரை பழையதையே புதுப்பியுங்கள். நெம்புகோல் வகையில் தேய்வது தண்டும் சீலும். அவற்றைச் சரிசெய்து, உரிய எண்ணெயை நிரப்பினால் மீண்டும் வேலை செய்யும். உடைந்துபோய், மாற்றுப் பாகமும் கிடைக்காவிட்டால் புதியதைப் போடுங்கள். உயிரைவிட அசல் பெரிதல்ல. ஆனால் சட்டத்தில் புதிதாக ஓட்டை போடாமல், பின்னால் வருபவர் கழற்றி எடுக்கும்படி போடுங்கள். கழற்றிய பழையதைத் துடைத்து, எந்த வண்டியுடையது, எந்தப் பக்கம் இருந்தது என்று சீட்டு எழுதிக் கட்டி வையுங்கள்.

அலுவலகத்தில் முடிந்த கோப்பைக்கூட நாங்கள் கிழித்துப் போடுவதில்லை. எண் போட்டு ஆவண அறைக்கு அனுப்புவோம். என்றைக்காவது ஒருவர் வந்து 'முதலில் எப்படி இருந்தது?' என்று கேட்பார். அப்போது காட்ட நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும்.