தூளி

தூளி என்பது கைக்குழந்தைகளை உறங்க வைப்பதற்காகச் சேலையினால் கட்டப்படும் துணித்தொட்டில் ஆகும். புழுதியைக் குறிக்கும் தூளி என்னும் சொல் வேறு. பல ஊர்களில் இது தொட்டில் என்றே அழைக்கப்படுகிறது. இலங்கைத் தமிழரிடையே ஏணை என்ற பெயர் வழங்குகிறது. இக்கட்டுரை பெரும்பாலும் தேனி மாவட்டம், கம்பம் பள்ளத்தாக்கு ஆகிய பகுதிகளின் வழக்கத்தை விளக்குகிறது.

அமைப்பு

பலமுறை துவைத்து மென்மையாகிவிட்ட பருத்திச் சேலையே தூளிக்கு ஏற்றது. புதுச் சேலையின் கஞ்சி குழந்தையின் தோலை உறுத்தும். நைலான் சேலை முடிச்சில் வழுக்குவதுடன் காற்றையும் தடுக்கும். சேலையை மடித்து, வீட்டு விட்டத்தில் தொங்கும் கயிற்றில் முடிச்சிடுவர். துணியின் இரு விளிம்புகளும் சேர்ந்து குழந்தையின் முகத்தை மூடாதிருக்க, இடையில் ஒரு கம்பு குறுக்காகச் செருகப்படும். கான்கிரீட் வீடுகள் பெருகிய பின்னர், கூரை வார்க்கும்போதே தொட்டிலுக்கென ஓர் இரும்புக் கொக்கியைப் பதித்துவிடுவது வழக்கமாயிற்று. தரையை ஒட்டித் தாழ்வாகக் கட்டி, அடியில் மெத்தை விரிப்பது நல்லது.

குழந்தையை முதன்முதலில் தொட்டிலில் இடுவதற்கு நல்ல நாள் பார்க்கப்படுகிறது. சில குடும்பங்களில் குழந்தைக்கு முன்பாக அம்மிக் குழவியைத் தொட்டிலில் இட்டு ஆட்டுவர். குழவி என்ற சொல்லுக்குக் குழந்தை என்னும் பொருளும் உண்டு. சடங்காகச் செய்யப்பட்டாலும், முடிச்சும் கயிறும் பாரம் தாங்குமா என்பதற்கு இது நல்ல சோதனையாகும்.

வேலைக்குச் செல்லும் தாய்மார்

போடி, தேவாரம், கம்பம், கூடலூர் வட்டாரங்களிலிருந்து பெண்கள் பலர் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நாள்தோறும் ஜீப்புகளில் சென்று திரும்புகின்றனர். பள்ளத்தாக்கில் வயல் வேலைக்குச் செல்லும் தாய் மரக்கிளையில் தூளி கட்டி, இடையிடையே வந்து பாலூட்ட இயலும். மலைக்குச் செல்பவருக்கு அது இயலாது. விடியற்காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும்வரை குழந்தை பாட்டியின் பொறுப்பிலும் தூளியிலும் இருக்கும்.

முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதுமானது என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. பீய்ச்சி எடுத்த பால் அறை வெப்பத்தில் சுமார் 4 மணி நேரமே தாங்கும். வேலை நாளோ அதைவிட நீண்டது. 50 அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் தோட்டங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என 1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. சிறு தோட்டங்களுக்கு அது பொருந்தவில்லை. காப்பகம் இருந்தாலும், கைக்குழந்தையுடன் நாள்தோறும் நெரிசலான ஜீப்பில் மலையேறுவது எளிதன்று. தமிழ்நாட்டில் அங்கன்வாடி மையங்களின் முன்பருவக் கல்வி 2 வயது நிறைந்த பின்னரே தொடங்குகிறது. இடைப்பட்ட காலமே குடும்பங்களுக்கு மிகக் கடினமானது.

வளர்ச்சிப் படிகளும் பாதுகாப்பும்

பொதுவாகக் குழந்தைக்கு 3 முதல் 4 மாதங்களில் கழுத்து நிற்கும். 4 முதல் 6 மாதங்களில் குப்புற விழும். 9 மாதம் அளவில் பிடித்துக்கொண்டு எழ முயலும். பிள்ளைத்தமிழ் இலக்கியமும் இத்தகைய படிகளையே பருவங்களாக்கியது: தலையுயர்த்தி ஆடும் செங்கீரை 5 ஆம் மாதம், கைகொட்டும் சப்பாணி 9 ஆம் மாதம், தளர்நடையிட்டு வரும் வருகை 13 ஆம் மாதம்.

குப்புற விழத் தொடங்கிய குழந்தைக்குத் தூளி ஏற்றதன்று. தளர்ந்த துணியில் முகம் புதைந்தால் அதனால் மீண்டும் திரும்ப இயலாது. எழ முயலும் குழந்தை விளிம்பைத் தாண்டி விழக்கூடும். ஆனால் வேலை நெருக்கடியுள்ள வீடுகளில் இந்த மாதங்களில்தான் தூளி கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பது முரண். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு வேறோர் ஆபத்து உண்டு. வளைந்த துணியில் தாடை மார்பில் படிந்து மூச்சுக்குழல் குறுகலாம். தட்டையான பரப்பில் மல்லாந்து படுக்க வைப்பதே மருத்துவர்கள் பரிந்துரைக்கும் முறை. தூளிக்குள் வைத்தபடியே பால் புகட்டுவதும், வேகமாக ஆட்டுவதும் தவிர்க்கப்பட வேண்டியவை.

பெரிய ஆபத்து கைக்குழந்தைக்கன்று, அதன் அண்ணனுக்கும் அக்காளுக்கும்தான். வெறுந்தூளியில் அமர்ந்து முறுக்கிச் சுற்றி விளையாடும்போது சேலை கழுத்தில் இறுகிப் பள்ளி வயதுச் சிறுவர் சிறுமியர் இறந்த நிகழ்வுகள் தமிழ்நாட்டில் மீண்டும் மீண்டும் பதிவாகியுள்ளன. வெறுந்தொட்டிலை ஆட்டினால் குழந்தைக்கு வயிறு வலிக்கும் என்ற நம்பிக்கை சிறுவரை விலக்கி வைக்க ஓரளவு உதவியிருக்கலாம். குழந்தையை எடுத்தவுடன் சேலையைச் சுருட்டி, எட்டாத உயரத்தில் முடிந்துவிடுவது அதனினும் உறுதியானது.

தொட்டில் குழந்தைத் திட்டம்

இப்பகுதியில் தொட்டில் என்ற சொல்லுக்குத் துயரமான மற்றொரு வரலாறும் உண்டு. மதுரையிலிருந்து தேனி செல்லும் வழியிலுள்ள உசிலம்பட்டி வட்டாரத்தில் நிகழ்ந்த பெண் சிசுக்கொலைகளை 1986 இல் இந்தியா டுடே இதழ் வெளிக்கொணர்ந்தது. தேனி அல்லிநகரத்தைச் சேர்ந்த இயக்குநர் பாரதிராஜாவின் கருத்தம்மா (1994) திரைப்படமும் இதைப் பற்றியதே. வளர்க்க இயலாத குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் ஒப்படைப்பதற்கான தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992 இல் ஜெயலலிதா அரசு சேலத்தில் தொடங்கியது. 2001 இல் அது தேனி, மதுரை, திண்டுக்கல், தர்மபுரி மாவட்டங்களுக்கு விரிவாக்கப்பட்டது. வரவேற்பு மையங்களில் பெறப்படும் குழந்தைகள் தத்தெடுப்பு நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்படுகின்றனர். முறைப்படி ஒப்படைத்த பெற்றோர் தம் முடிவை மறுபரிசீலனை செய்ய 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 2 மாத அவகாசம் அளிக்கிறது.