பித்தளையும் மழைக்காலமும்

விருதுநகர் வட்டாரத்தில் பிறந்தவனுக்கு வெடிமருந்தின் வாசனை புதிதன்று. மழை குறைந்த இந்தக் கரிசல் பூமியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து, மறு ஆண்டு சிவகாசியில் தொடங்கிய வரலாற்றை மாணவர்களாகிய நீங்கள் கேட்டிருப்பீர்கள். தீப்பெட்டியை அடுத்துப் பட்டாசு வந்தது. பட்டாசின் உறை காகிதம். அது சுக்குநூறாகக் கிழிந்தால்தான் நமக்கு மகிழ்ச்சி. துப்பாக்கித் தோட்டாவின் உறையோ கிழியவே கூடாது. இரண்டிலும் எரிவது மருந்துதான். உறையின் கடமைதான் நேர்மாறு.

கல்லூரியில் தேசிய மாணவர் படையில் இருந்தபோது, ஒரு நாள் மாலை சுட்டு முடித்த தோட்டாக்களின் வெற்றுக் கூடுகளை எண்ணினோம். ஒன்று குறைந்தது. இருட்டும்வரை எங்கள் அணி முழுவதும் புல்லில் முழங்காலிட்டுத் தேடியது. குண்டு போன பின் இந்தக் காலிக் கூட்டுக்கு என்ன மதிப்பு என்று நான் முணுமுணுத்தது நினைவிருக்கிறது. மதிப்பு உண்டு. நல்ல கூட்டில் மீண்டும் மருந்தும் குண்டும் அடைக்கலாம். அது பிறர் கைக்குப் போகலாகாது என்பதற்காகவே படைகளில் கணக்கு வைக்கிறார்கள்.

அந்தக் கூடு பித்தளையாகவே இருப்பானேன்? நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளைக்கு ஓர் அரிய குணம் உண்டு. மருந்து எரிந்ததும் கூடு விரிந்து துப்பாக்கியின் உட்சுவரோடு ஒட்டி, கொதிக்கும் வாயு பின்புறமாகச் சீறிச் சுடுபவன் முகத்தில் அடிக்காமல் தடுக்கிறது. அழுத்தம் குறைந்ததும் சற்றே சுருங்கி, எளிதில் வெளியே வருகிறது. 1857-இல் சிப்பாய்கள் பல்லால் கடிக்க மறுத்த தோட்டா காகிதத்தாலானது. அதன் பின் 1866-இல் பாக்ஸர் என்னும் ஆங்கிலேய அதிகாரி மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிக் கூடு செய்தார். 1885-இல் சூடான் போரில் அத்தகைய கூடுகள் துப்பாக்கிக்குள் சிக்கிக் கிழிந்தன; எதிரி நெருங்கி வரும் வேளையில் துப்பாக்கி வெறும் தடியாகி நின்றது. ஆகவே ஒரே பித்தளை வில்லையைக் கிண்ணமாக அழுத்தி, அச்சுகளினூடே மீண்டும் மீண்டும் இழுத்து நீட்டிய தையலற்ற கூடே நிலைபெற்றது.

அந்தக் கூட்டுக்கும் இந்தியாவில் ஒரு சோதனை காத்திருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில், மழைக்காலத்தில் படை நடவடிக்கைகள் குறையும். தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பார்கள். வானம் வெளுத்துப் பெட்டிகளைத் திறந்தால், ஒருவரும் சுடாத, ஒருவரும் தொடாத தோட்டாக்கள் பல வெடிப்பு விட்டிருக்கும். அதிலும் குண்டை இறுகப் பற்றியிருக்கும் கழுத்துப் பகுதியில்தான் மிகுதி. இதற்கு ‘பருவ வெடிப்பு’ என்று பொருள்படும் பெயரிட்டார்கள். பெயரைக் கேட்டால் குற்றவாளி மழை என்றே தோன்றும்.

உண்மைக் காரணத்தை 1921-இல் மூர், பெக்கின்ஸேல், மாலின்ஸன் என்னும் மூவர் விளக்கினர். மாட்டுத் தொழுவில் மூக்கைத் துளைக்கும் நெடியை அறியாதவர் நம்மில் யார்? குதிரையின் சிறுநீரிலிருந்தும் அதே அம்மோனியா எழுகிறது. ஈரக் காற்றோடு சேர்ந்து அது பித்தளையைத் தின்றது. ஆனால் அம்மோனியா மட்டும் குற்றவாளியன்று. குளிர்ந்த நிலையில் இழுத்தும் நெரித்தும் செய்த உலோகத்துக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. இறுக்கமும் அம்மோனியாவும் ஒன்று கூடியபோதுதான் பித்தளை பிளந்தது. இரண்டில் ஒன்று இல்லாவிடின் பிளவு இல்லை.

மருந்து லாயத்தை மாற்றுவதோடு முடியவில்லை, உலைக்களத்திலும் இருந்தது. நம்மூர்க் கன்னார் பாத்திரம் அடிக்கும்போது பார்த்திருப்பீர்கள்: அடிக்க அடிக்கப் பித்தளை முறுகும், உடனே நெருப்பில் காய்ச்சி இளக வைத்துப் பின்னரே மேலும் அடிப்பார். தோட்டாக் கூட்டுக்கும் அதே நியாயம். மிதமான சூடு காட்டினால் உறுதி குறையாமலே உள்ளிறுக்கம் தணியும். ஒருமுறை சுட்ட கூட்டை மீண்டும் பயன்படுத்துவோரும் முதலில் கழுத்தில் மயிரிழைப் பிளவு உண்டா, அடிப்பக்கத்தில் வளையம்போல் மெலிவு தெரிகிறதா என்றே பார்ப்பார்கள், கண்டால் ஒதுக்கிவிடுவார்கள். பிளவில்லாத கூட்டிலும், ஒவ்வொரு முறை சுடும்போதும் முறுகும் கழுத்தை மட்டும் காய்ச்சுவார்கள். அடிப்பகுதியில் சூடு ஏறவிடுவதில்லை. அது இளகினால் அழுத்தத்தைத் தாங்காது. நம் நாட்டில் உரிமமின்றி எவரும் இவ்வேலையில் கை வைத்தல் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அன்று காணாமற்போன கூடு கடைசியில் ஒரு மாணவனின் காலணிக்கடியில் அகப்பட்டது. புதிய இராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் கழுத்தைச் சுற்றி நீலமும் பழுப்பும் கலந்த ஒரு மங்கல் காணலாம். நான் முதன்முதலில் அதைக் கண்டபோது அழுக்கென்று எண்ணித் துணியால் தேய்த்தேன். அது போகவில்லை. அது நெருப்புப் பட்ட தடம்.