லித்தாப்ஸ்

தென்னாப்பிரிக்கா, நமீபியாவின் வறண்ட கூழாங்கல் வெளிகளில் வளரும் சதைப்பற்றுத் தாவரப் பேரினம். கல்லோடு கல்லாகக் கிடப்பதால் மேயும் விலங்குகளின் கண்ணுக்குத் தப்பிவிடும். 1811இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் வில்லியம் பர்ச்செல் விசித்திரமான கூழாங்கல் என்று நினைத்துக் கையில் எடுத்தது இதைத்தான்.

ஒரு தலைக்கு இரண்டே இலைகள். ஆண்டுக்கொருமுறை நடுப்பிளவிலிருந்து புது இணை கிளம்பும். பழைய இணையின் நீரை உறிஞ்சியே அது பருக்கும். வளர்ப்பவரின் பொறுமைக்குச் சோதனை இந்தக் கட்டம்தான். இலை சுருங்குகிறதே என்று மனம் பொறுக்காமல் தண்ணீர் ஊற்றினால் பழைய இலை வற்றாமல் நிற்கும். செடி அழுகியும் போகலாம். பழைய இணை காகிதம்போல் மெலிந்து உலரும்வரை ஒரு சொட்டும் வேண்டாம். கடுங்கோடையில் செடி உறங்கும். அப்போதும் நீரைக் குறைக்க வேண்டும்.

வேர் ஆழமாக இறங்குவதால் உயரமான தொட்டியும், மணலும் பொடிக்கல்லும் மிகுந்த கலவையும் ஏற்றவை. வெளிச்சம் போதாவிட்டால் உடல் நெட்டையாக நீளும். இலையுதிர் காலத்தில் பிளவிலிருந்து மஞ்சள் அல்லது வெள்ளைப் பூ வரும். பெரும்பாலும் பிற்பகலில் விரிந்து செடியையே மறைத்துவிடும். விதையிட்டு வளர்த்தால் முதல் பூவுக்குச் சுமார் மூன்று ஆண்டுகள் ஆகும். அடிக்கடி தொட்டி மாற்றத் தேவையில்லை.